கதாநாயகி வேடத்துக்கு ஆள் தேவை

மனைவி வசந்தினிக்குக் கனடா விசா வந்த அன்றுதான் சிவரூபன் தன்னுடைய நாவலுக்கு நடிகர்கள் தேடத் தொடங்கினான். அதற்கு முன் அந்த நாவலைப் படமாக எடுக்கலாம் என்று உலகத்தில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. வாசிக்கலாம் என்றுகூடப் பெரும்பாலானவர்களுக்குத் தோன்றவில்லை. அச்சடித்த பிரதிகளில் முக்கால்வாசி கோப்பாய் வீட்டுச் சாமியறையில், சாம்பிராணிப் புகை குடித்துக்கொண்டு, அட்டைப்பெட்டிகளுக்குள் அடங்கிக் கிடந்தது.

நாவலின் பெயர் 'திரும்பாத தெரு'. கனடாவுக்குப் போன வாத்தியார் ஒருவன் அங்கேயே தங்கிவிட, அவன் மனைவி செங்கமலம் வருடக்கணக்காக வாசல் படலையடியில் நின்று காத்திருக்கிற கதை. விசாவுக்குச் சிவரூபனும் வசந்தினியுமாகத்தான் விண்ணப்பித்தார்கள். வசந்தினியின் தம்பி கஜீபன் வயதுக்கு வந்த தன் மகளின் சாமத்திய வீட்டுக்கு வரச்சொல்லி ரொறன்ரோவிலிருந்து அழைப்பு அனுப்பியிருந்தான். ரியூசன் வாத்தியார் என்று மட்டும் எழுதினால் மதிக்கமாட்டார்கள் என்று நினைத்த சிவரூபன், எழுத்தாளர் என்றும் சேர்த்து எழுதி, அதற்கு ஆதாரமாக நாவலின் கதைச்சுருக்கத்தை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் இணைத்தான். கனடாவுக்குப் போகிற வாத்தியார் திரும்பி வராத கதை, அதை எழுதியவரும் வாத்தியார், கேட்பதும் கனடா விசா. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. வசந்தினிக்கு விசா கிடைத்தது. இவன் திரும்பி வருவான் என்று நம்புவதற்குப் போதிய காரணம் இல்லை என்று இவனுக்குப் பதில் வந்தது.

"என்ரை கதையைக் கடைசிமட்டும் வாசிச்ச ஒரே ஆள் அந்த விசா ஒப்பீசர்தான்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். கேட்டவர்களும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்திய பிறகு உள்ளே போகாமல் அதன்மேலேயே இருப்பான்.

சாமத்திய வீட்டுக்கென்று கனடாவுக்குப் போன ஒருவரும் அவர்கள் வீடிருந்த சிறு ஒழுங்கைக்குத் திரும்பி வரவில்லை. முதல் போனது கந்தையாவின் குடும்பம். பிறகு கடைசி வீட்டுத் தமயனும் தங்கையும். எல்லாரும் மூன்று மாதம் என்று சொல்லித்தான் போனார்கள். வசந்தினியும் மூன்று மாதம் என்றுதான் சொன்னாள். ஆனால் அவள் தன் கோழிகளைப் பக்கத்து வீட்டுப் பிரதீபாவுக்குக் கொடுத்துவிட்டாள். மூன்று மாதம் பார்த்துக்கொள் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. வைத்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்தாள். கூட்டையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்தாள். வேலியோடு நின்று அதைக் கேட்ட சிவரூபன் அன்று இரவு சாப்பாட்டில் உப்பில்லை என்பதைக் கவனிக்கவில்லை. சாப்பிட்டானா என்பதுகூட அவனுக்கு ஞாபகமில்லை.

'திரும்பி வருவீரோ?' என்று ஒரு கேள்வி. இரண்டே சொல். மனைவியிடம் அதைக் கேட்க அவனால் முடியவில்லை. இருபது வருடத் தாம்பத்தியத்தில் அவன் அவளோடு பகிடியாகத்தான் கதைத்திருக்கிறான். பிள்ளை பிறக்காது என்று வைத்தியர் சொன்ன அன்றுகூட வரும் வழியில் ஏதோ பகிடி சொல்லி அவளைச் சிரிக்கவைத்தவன். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். அதைத் தன் வாழ்க்கையின் பெரிய வெற்றி என்று அவன் அப்போது நினைத்திருந்தான். இப்போது வாயைத் திறந்தால் பகிடிதான் வந்தது. வேறொன்றும் வர மறுத்தது.

அதனால் கேட்பதற்குப் பதிலாக நடிகர் தேடினான்.

கதாநாயகன் உடனே கிடைத்துவிட்டார். சென்னையில் பெரிய ஆள். நாற்பது வயதைக் கடந்தும் கல்லூரி மாணவனாக வந்துபோகிறவர். பெயர் சொன்னால் சம்பளம் கேட்டுவிடுவார் என்று பயந்தவன்போல, வீட்டுக்குள் அவரை 'எங்கடை மீசைக்காரர்' என்றுதான் சொன்னான். வாத்தியாரைக் கனடாவுக்கு அனுப்பும் தரகருக்கு ஒரு நகைச்சுவை நடிகர், வாத்தியாரின் பெரியப்பாவுக்குக் குரல் கம்மிய ஒரு வில்லன். நாவலில் ஒரு கிடாய் ஆடு வரும். அதற்கு மட்டும் உள்ளூர்க் கிடாய்தான், அதன் முகபாவம் இந்தியக் கிடாய்க்கு வராது என்று அடித்துச் சொன்னான்.

சிக்கல் செங்கமலத்தில்தான். பின்னேரம் தேத்தண்ணியோடு வசந்தினி அடுப்படி வாசலில் வந்து உட்காருவாள். அவன் கைத்தொலைபேசியில் ஒரு நடிகையின் படத்தை நீட்டுவான். முதல் கிழமை அவளுக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. உவவின்ரை நகத்தோடை முருங்கையிலை உருவ ஏலுமோ என்பாள். மற்றவ 'ஓம்' எண்டு சொன்னா எங்கடை சனம் தியேட்டரை விட்டு எழும்பிப் போயிடும் என்பாள். அவன் சிரிப்பான், அவளும் சிரிப்பாள், அந்தக் கொஞ்ச நேரத்துக்குக் கனடா என்று ஒரு நாடு இல்லாமல் போகும்.

இரண்டாம் கிழமை சிரிப்பு மெலிந்தது. மூன்றாம் கிழமை அவள் சீலைகளை மடித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"செங்கமலம் ஏன் அவனைப் போகவேண்டாம் எண்டு மறிக்கேல்லை?"

"மறிச்சிருந்தா கதை மூண்டாம் பக்கத்திலை முடிஞ்சிருக்கும். பிறகு எனக்கென்ன வேலை?"

அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு அடுத்த சீலையை எடுத்தாள். தன்னிடம் என்ன கேட்கப்பட்டது என்பது சிவரூபனுக்கு விளங்காமல் இல்லை. விளங்கியது. விளங்கிய கையோடு எழுந்து போய் இன்னொரு நடிகையின் படத்தைத் தேடினான்.

பிரணவனைப் பிடித்தது அந்த நிலையில்தான். பிரணவன் முன்பு அவனிடம் படித்தவன், இப்போது முப்பது தாண்டிய ஆள். நல்லூரில் ஸ்ரூடியோ வைத்திருந்தான். கலியாண வீட்டு வீடியோவில் மாப்பிள்ளையைக் கடற்கரையில் ஓடவிட்டு எடுக்கிறவன். பிறந்தநாள் பதாகை, பரீட்சையில் சித்தியடைந்தோருக்கு வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவனுடைய ஒரே கணினியிலிருந்துதான் வெளியே வரும். படம் எடுக்கவேண்டும் என்று அவனுக்கும் ஒரு நோய் இருந்தது. பாரிசில் இருக்கிற ஒருவர் காசு போடக்கூடும், ஆனால் முதல் சுவரொட்டியைக் கண்ணால் கண்டால்தான் நம்புவார் என்று சொன்னான். அதற்குக் கதாநாயகியின் முகம் ஒன்று வேண்டும்.

அந்த இடத்தில்தான் சிவரூபனுக்கு ஒரு யோசனை வந்தது. மூழ்குகிறவனுக்கு வருகிற மாதிரியான யோசனை. அது வரும்போது வெகு பிரகாசமாக இருந்தது. வசந்தினியே செங்கமலம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அவளைப் பார்த்துத்தானே எழுதினான்? ஊர் முழுக்கக் கரண்டுக் கம்பங்களில் அவள் முகம் கதாநாயகியாக ஒட்டப்பட்ட பிறகு அவள் எப்படிப் பிளேன் ஏறுவாள்? சனம் கேட்கும், படப்பிடிப்பு எப்ப என்று. அவள் வெட்கப்படுவாள், கோபப்படுவாள், கடைசியில் நின்றுவிடுவாள். தான் சொல்லமுடியாததைச் சுவரொட்டி சொல்லும். அவள் சம்மதம் கேட்கவேண்டும் என்பது அந்தப் பிரகாசத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை.

கைத்தொலைபேசியில் இருந்த அவளது நல்ல படம் ஒன்றுதான், விசாவுக்கு எடுத்தது. வெள்ளைப் பின்னணி, காது தெரிய இழுத்துக் கட்டிய தலைமயிர், சிரிக்கக்கூடாது என்று சொல்லி எடுத்த முகம். பார்த்துக்கொண்டே இருந்தான். சிரிக்கவேண்டாம் என்று யாரோ சொல்லிவிட்டுப் போன பெண். செங்கமலம் இவள்தான். அனுப்பிவிட்டு, வடிவாச் செய் என்று மட்டும் பிரணவனுக்குச் சொன்னான். செய்ததைக் காட்டு என்று சொல்லவில்லை.

பிரணவன் வடிவாகத்தான் செய்தான். கலைப்படம் என்றால் கறுப்பு வெள்ளை என்பது அவன் கொள்கை. பின்னணிக்கு முகிலும் ஒரு குத்துவிளக்கும் அவன் கணினியில் ஏற்கெனவே தயாராக இருந்தன. நடுவில் வசந்தினியின் சிரிக்காத முகம். அதற்கு மேலே 'திரும்பாத தெரு'. கீழே 'வசந்தினி சிவரூபன், கோப்பாய்'. அதற்கும் கீழே 'ஆக்கம்: சிவரூபன்' என்று போட்டவனுக்குக் கை பழக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'கணவர்' என்றும் வந்துவிட்டது. 'திரைக்கு வரும் நாள்' என்பதைச் சின்ன எழுத்திலும், 'பின்னர் அறிவிக்கப்படும்' என்பதைப் பெரிய எழுத்திலும் போட்டிருந்தான். சனிக்கிழமை விடிய முன்னம் கோப்பாய்ச் சந்தியிலிருந்து ஒழுங்கை வாசல்வரை ஒரு கம்பம் விடாமல் ஒட்டி முடித்தான்.

அன்று காலை சிவரூபன் வகுப்புக்குப் புறப்படும்போது வசந்தினி கதிரையில் ஏறி நின்று அலுமாரிக்கு மேலிருந்து பெரிய சூட்கேசை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒருக்கால் பிடியுங்கோ என்றாள். நேரம் போட்டுது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். நேரம் போகவில்லை. அந்தச் சூட்கேசைத் தன் கையால் இறக்கிக் கொடுக்க அவனுக்கு மனமில்லை. அவ்வளவுதான்.

வகுப்பில் கைத்தொலைபேசியை நிறுத்திவைப்பது அவனுடைய சட்டம். வகுப்பு முடிந்து, வெயிலுக்குப் பயந்து சந்தியால் வராமல், காலையில் போன தோட்டப் பாதையாலேயே ஒழுங்கையின் மறுமுனைக்கு வந்தான். அதனால் ஒரு சுவரொட்டியும் கண்ணில் படவில்லை. ஒழுங்கை திரும்பியதும் முதலில் மோட்டார் சைக்கிள்களைக் கண்டான். பிறகு ஆட்களை. ஆண்கள் வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு தணிந்த குரலில் கதைத்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் மாமர நிழலில் நின்றார்கள். சனசமூக நிலையத்துப் பிளாஸ்ரிக் கதிரைகள் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கதிரைகள் இரண்டு காரியத்துக்குத்தான் வீட்டுக்கு வரும். அந்த வீட்டில் கலியாணம் செய்ய ஒருவரும் இல்லை.

சனசமூக நிலையத் தலைவர் தியாகராசா அண்ணைதான் முன்னே வந்து அவனைக் கட்டிப்பிடித்தார். நாவல் வெளியீட்டில் ஒரு மணித்தியாலம் ஆய்வுரை செய்த மனிதர்.

"மனதைத் திடப்படுத்தும் மாஸ்டர். வீடு பூட்டிக் கிடக்கு. பொடியை எப்ப ஆசுப்பத்திரியிலை தருவினமாம்?"

"ஆற்றை பொடி?"

"வசந்தினி பிள்ளையின்ரை பிரேதத்தைத்தான்."

கதிரை, அலுமாரி, சூட்கேஸ். பிடியுங்கோ என்ற குரல். எல்லாம் ஒன்றாய் வந்து அவன் நெஞ்சில் விழுந்தன. விழுந்திருப்பாள். தலை அடிபட்டிருக்கும். பக்கத்து வீட்டார் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். இவன் அந்த நேரம் சமன்பாடு எழுதிக்கொண்டு, கைத்தொலைபேசியை நிறுத்திவைத்துக்கொண்டு...

சிவரூபன் படலைக்கு முன்னால் மண்ணில் இருந்துவிட்டான். ஏதாவது பகிடி சொல்வான் என்று அந்த ஊருக்கு அவனைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு. தன் தாயின் செத்தவீட்டில்கூடச் சொன்னவன். அன்று அவன் வாயிலிருந்து வந்த சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது. ஓங்காளித்து அழுதான். மூக்கு வடிய, சேட்டுக் கையால் துடைக்கவும் தோன்றாமல் அழுதான்.

"போகாதையும் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை அண்ணை. கடவுளே, ஒருநாளும் சொல்லேல்லை. சூட்கேசைப் பிடிக்கச் சொன்னவள். நேரம் போட்டுதெண்டு பொய் சொல்லிப்போட்டு வந்தன். நான் நடிகையள் தேடிக்கொண்டு திரிஞ்சன் அண்ணை. உமக்குப் பதிலா ஒருத்தரும் இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. நீர் இல்லாமல் இந்த வீட்டுக்குள்ளை நான் எப்பிடி இருக்கிறது? போகாதையும் வசந்தினி, என்னை விட்டிட்டுப் போகாதையும்..."

பெண்கள் பக்கத்தில் விம்மல் எழுந்தது. அழாதவர்கள் அழத் தொடங்கினார்கள். கூட்டத்தின் பின்னால், ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்து நின்ற ஒரு பெண் மட்டும் அழவில்லை. ஹெல்மெற்றைக் கழற்றாமல், கையில் உடுவில் தையல்கடைப் பையோடு அசையாமல் நின்றாள். கனடாவுக்குக் கொண்டுபோகத் தைக்கக் கொடுத்த சட்டைகளை எடுக்கத் தோட்டப் பாதையால் போய் வந்தவள். கைத்தொலைபேசியை ஸ்கூட்டிச் சீற்றுக்குக் கீழே போட்டுப் பூட்டியிருந்தாள். ஆரோ செத்துப்போச்சினம் என்று பதறிக்கொண்டு வந்தவள், தன் கணவன் மண்ணில் இருந்து சொல்லுவதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். கடைசிச் சொல்வரை கேட்டாள். பிறகுதான் ஹெல்மெற்றைக் கழற்றினாள்.

முதலில் கண்டது பிரதீபா. அவள் போட்ட சத்தத்தில் கதிரை இறக்கினவர்கள் கதிரையைக் கைவிட்டார்கள்.

சிவரூபன் நிமிர்ந்து பார்த்தான். அவளைத் தொட்டுப் பார்க்கக்கூட அவனால் எழ முடியவில்லை. வசந்தினி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள், தியாகராசா அண்ணை கண்ணீர் அஞ்சலி என்று நீட்டிய கைத்தொலைபேசியில் தன் முகத்தையும் முகிலையும் குத்துவிளக்கையும் பார்த்தாள். 'கணவர்' என்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தது கூட்டம்.

"வெயிலுக்கை வந்தனீங்கள். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனாள்.

தேத்தண்ணி குடித்தார்கள். உடுவிலில் இருந்து ஓட்டோ பிடித்து வந்த ஒரு பெரியம்மா, வந்த செலவுக்கு ஏதாவது நடந்திருக்கலாம் என்ற முகத்தோடு இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கினார். கனடாவிலிருந்து கஜீபன் அழுதுகொண்டு எடுத்தான். சுவரொட்டியின் படம் வைபரில் அங்கேயும் போய்விட்டது. நான்தான்டா கதைக்கிறன் என்று வசந்தினி சொல்லச் சொல்ல அவன் மேலும் அழுதான். பிரணவன் கைத்தொலைபேசியை நிறுத்திவிட்டு எங்கேயோ போய்விட்டான்.

எல்லாரும் போன பிறகு வசந்தினி வாளியில் தண்ணீர் நிரப்பினாள். பழைய கத்தி ஒன்றைக் கொண்டுவந்து அவனிடம் நீட்டினாள்.

"வாங்கோ. நான் செத்ததைக் கழட்டுவம்."

ஒழுங்கை வாசல் கம்பத்திலிருந்து தொடங்கினார்கள். அவள் தண்ணீர் தெளிக்க அவன் சுரண்டினான். சைக்கிளில் போகிறவர்கள் கம்பத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மிதித்தார்கள்.

"ஒண்டு கேப்பன். பகிடி விடாமல் சொல்லுங்கோ" என்றாள் மூன்றாவது கம்பத்தடியில். "நான் உயிரோடை நிக்கேக்கை ஏன் அதைச் சொல்லேல்லை?"

"சொன்னா, இல்லை போறன் எண்டு சொல்லிப்போடுவீர் எண்ட பயம்."

"நான் பாத்துக்கொண்டெல்லோ இருந்தனான். இண்டைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார் எண்டு. நீங்கள் ஒவ்வொரு நாளும் ஒரு நடிகையைக் கூட்டிக்கொண்டு வந்தியள்."

"இப்ப சொல்லுறன். போகாதையும்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். வயல் பக்கமாகப் பார்த்தாள்.

"போறன்" என்றாள். "தம்பி கூப்பிட்டதுக்காக மட்டுமில்லை. எனக்கும் ஒருக்கால் போகவேணும் போலை கிடக்கு. முன்பள்ளி ரீச்சராய்ப் பிள்ளையளுக்கு மூக்குத் துடைச்சுத் துடைச்சே என்ரை காலம் போட்டுது. வீட்டை வந்தா உங்கடை பகிடி. சிரிச்சுச் சிரிச்சுக் களைச்சுப்போனன்."

அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"திரும்பி வருவீரோ?"

"தெரியாது."

"மூண்டு மாதம் எண்டு..."

"அது ஊருக்குச் சொன்னது. உங்களுக்கு இப்ப உண்மை சொல்லுறன். தெரியாது."

ஒரு பஸ் கடந்து போனது. புழுதி அடங்கும்வரை காத்திருந்தாள்.

"உங்கடை கதையிலை போறது அவன். படலையடியிலை நிக்கிறது அவள். இப்ப பாருங்கோ, நான்தான் போறன். நீங்கள் ஆளை மாத்திப் போட்டியள். செங்கமலத்தின்ரை வேசம் உங்களுக்குத்தான்."

சீலை எனக்கு எந்தக் கரையிலை எடுத்தால் பொருந்தும் என்று ஒரு பகிடி, அந்த நிமிடத்திலும், ஓடி வந்து அவன் நாக்கு நுனியில் நின்றது. நல்ல பகிடி. முன்பென்றால் ஒரு கிழமைக்கு ஓடும். சிவரூபன் அதை விழுங்கினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம்" என்று மட்டும் சொன்னான்.

சந்திக் கம்பத்துக்கு வந்து சேர வெயில் சாய்ந்துவிட்டது. பிரணவன் தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை ஒழுங்காகச் செய்திருந்தான். பசை அப்படிப் பிடித்திருந்தது. முகில் போய்விட்டது, விளக்கும் எழுத்துகளும் போய்விட்டன. முகம் மட்டும் போகவில்லை. சிவரூபன் கத்தியை வைப்பான், எடுப்பான், மறுபடி வைப்பான். நெற்றிக்குக் கீழே அவன் கை இறங்க மறுத்தது.

"தாருங்கோ" என்று வசந்தினி கத்தியை வாங்கினாள். ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தன் முகத்தை மெல்ல மெல்லச் சுரண்டத் தொடங்கினாள். சிவரூபன் வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.